சீர்க்கூடையில் புதினா

என் நாத்தனாரின் சீர்க்கூடையை மக்க வைத்தது நான்தான். தெரிந்தே செய்தேன். கறையான் அரித்ததாகச் சொன்னது பொய்!

இதை யாரிடம் சொல்கிறேன்? உங்களிடம்தான். சிங்காநல்லூரில் என் வீட்டு மொட்டை மாடிக்கு மூச்சிரைக்க ஏறிவந்து, "எதையுமே வீணாக்க மாட்டீங்களா!" என்று கன்னத்தில் கை வைத்தீர்களே, உங்களிடம்தான். பெயின்ட் வாளியில் கத்தரி, விரிசல் விட்ட வாஷ்பேசினில் வெந்தயக்கீரை, கிழிந்த சேலையைத் திரித்துக் கட்டிய பாகல் பந்தல்... ஒன்று விடாமல் கைப்பேசியில் படம் பிடித்தீர்கள். போகும்போது ஒரு கட்டுக் கீரையும் வாங்கிக்கொண்டீர்கள். ஒரு பொருளைக் காட்டியாவது, இது யாருடையது என்று கேட்டீர்களா?

கேட்கவில்லை. ஒருத்திக்குச் சிக்கனக்காரி என்று பட்டம் கொடுத்துவிட்டால், அப்புறம் அவளை யாரும் எதுவும் கேட்பதில்லை. அந்தப் பட்டத்துக்குள் நான் சுகமாக ஒளிந்திருந்தேன்.

மரகதம் என் கணவரின் தங்கை. எங்கள் கல்யாணத்தில் இணைச்சீர் செய்தவள். கூறைச்சேலை வைத்த மூங்கில் கூடையை ஏந்தி, மாப்பிள்ளையின் பக்கத்தில் அவன் உடன்பிறந்தவள் நிற்கும் சடங்கு அது. எங்கள் பக்கத்தில் அது நடக்காமல் தாலி ஏறாது. அவள் ஏந்திய கூடை, அவளுடைய தாயார் தம் அண்ணன் கல்யாணத்தில் ஏந்தியது. அதை மரகதம் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

அதே கல்யாணத்தில்தான் என் அம்மாவும் தலைகுனிந்தாள்.

தாராபுரத்திலிருந்து அவள் கொண்டுவந்த சீர்ப் பாத்திரங்கள் புதியவை அல்ல. வாங்க வக்கில்லை. வீட்டிலிருந்த பித்தளைக்கு உள்ளே ஈயம் பூசி, வெளியே புளி போட்டுத் தேய்த்து, தங்கம்போல் அடுக்கியிருந்தாள். மரகதம் ஒரு குண்டாவைக் கவிழ்த்துப் பார்த்தாள். "பழசுக்கு ஈயம் பூசிக் கொண்டாந்துட்டாங்களாட்ட இருக்குதுங்க!" என்றாள். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

என் அம்மாவும் சிரித்தாள்! அந்தச் சிரிப்பைத்தான் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

மரகதம் அப்போது விளையாட்டுப் பெண். பேசிய சூட்டிலேயே மறந்திருப்பாள். நான் மறக்கவில்லை. சிரித்த முகத்தோடு அவளுக்கு வருஷக்கணக்காகச் சோறு பரிமாறினேன். உள்ளே வேறொன்று வெந்துகொண்டிருந்தது.

வெள்ளகோவிலில் அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டில் விசைத்தறித் தொழில் நொடித்துப்போயிற்று. ஒற்றை அறைக்குக் குடிபெயர்ந்தார்கள். இடம் போதாமல் பிள்ளைகளின் மரத்தொட்டில், ஒரு தகரப்பெட்டி, அந்தக் கூடை மூன்றையும் என்னிடம் கொண்டுவந்து வைத்தாள். அண்ணியை எங்கள் பக்கத்தில் நங்கை என்பார்கள்.

"பெருசா ஒரு ஊடு புடிச்சதும் எடுத்துக்கறனுங்க நங்கை. கூடையை மட்டும் கொஞ்சம் பாத்துக்கங்க. பையன் கல்யாணத்துக்கு என்ற புள்ள அதைத்தான் ஏந்தோணும்."

"பத்திரமா இருக்கும், போ கண்ணு" என்றேன். எவ்வளவு இனிமையாகச் சொன்னேன் தெரியுமா!

அவள் பேருந்து ஏறிய வாரமே தகரப்பெட்டியை மாடிக்கு ஏற்றினேன். ஆணியும் சுத்தியலும் எடுத்து அடிப்பக்கம் ஓட்டை போட்டேன். தண்ணீர் வடிய நான்கைந்து ஓட்டை போதும். நான் அடித்துக்கொண்டே இருந்தேன். கை வலித்த பிறகும் அடித்தேன்... அதில் தக்காளி வைத்தேன். தொட்டிலில் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் நிரப்பி அரைக்கீரை விதைத்தேன். என் கணவருக்குத் தோட்டத்தில் நாட்டமில்லை. அவர் மாடிப்பக்கம் வந்ததே கிடையாது.

இதுவரை சிக்கனம் என்று சாதித்துவிடலாம். கூடைக்கு என்ன சொல்வேன்?

மூங்கில் கூடையில் செடி வைக்க வேண்டுமானால் முதலில் உள்ளே உரச்சாக்கை விரிக்க வேண்டும். ஈரம் மூங்கிலைத் தொடக்கூடாது. தொட்டால் இரண்டு மழைக்கு மேல் தாங்காது. இதை உங்களுக்கே நான் பாடம் எடுத்திருக்கிறேன்! என் மாடியிலிருந்த மற்ற கூடைகள் எல்லாவற்றுக்கும் சாக்கு விரித்தேன். மரகதத்தின் கூடைக்கு மட்டும் விரிக்கவில்லை.

சாக்கு கையில்தான் இருந்தது. மடித்து ஓரமாக வைத்துவிட்டு, ஈரமண்ணை அள்ளிக் கொட்டினேன். எப்போதும் நீர் கேட்கும் புதினாவை ஊன்றினேன். மறதியா இது? கைப்பிசகா?

அவள் போனில் கேட்பாள். "கூடை நல்லா இருக்குதுங்களா நங்கை?"

"நல்லா இருக்குது அம்மணி." புதினா நல்லாத்தான் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்குச் சொல்லித்தர வேண்டுமா!

ஒருநாள் நேரில் வந்து நின்றாள். மகனுக்குக் கல்யாணம் கூடிவிட்டதாம். முகமெல்லாம் பூரிப்பு. நான் காப்பி கலக்க உள்ளே போன நேரத்தில், தோட்டத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று படியேறிவிட்டாள். பதறிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

தொட்டிலைக் கண்டாள். பெட்டியைக் கண்டாள். புதினாவின் முன்னால் குந்தி, கூடையை இரண்டு கைகளாலும் தூக்கினாள். வாய் வளையம் மட்டும் கையோடு வந்தது. அடிப்பாகம் தரையிலேயே நின்றுவிட்டது. ஈரமண் அவள் சேலையில் சரிந்தது.

"மழை பட்டிருச்சுங்களா நங்கை?" என்று கேட்டாள்.

தப்பிக்க வழிகாட்டினாள்! ஆமாம் என்றிருந்தால் முடிந்திருக்கும். நானோ அத்தனை வருஷமாக ஊறவைத்த சொல்லை எடுத்து வீசினேன். "பழசுதானே அம்மணி!"

அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் சொன்னதன் பொருளை அங்கே தேடினாள். அவளுக்கு எதுவுமே நினைவில் இல்லை! குண்டாவும் இல்லை, ஈயமும் இல்லை, என் அம்மாவும் இல்லை... அப்படியானால் நான் யாரைப் பழிவாங்கினேன்?

வளையத்தை முந்தானையால் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டாள். "வாரேனுங்க" என்று இறங்கிப்போனாள். காப்பி ஆறிப்போய்க் கிடந்தது.

கல்யாணம் அவிநாசியில் நடந்தது. இணைச்சீருக்கு மரகதத்தின் மகள் ஒரு கூடையை ஏந்தி வந்தாள்.

"ஏனம்மணி, இது புதுசாட்ட இருக்குது? அம்மா கூடை என்னாச்சு?" என்று என் கணவர் தங்கையைக் கேட்டார்.

அவள் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "கறையான் அரிச்சுப்போட்டுதுங்க."

மரகதம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஆமாங்கண்ணா. கறையான்தானுங்க" என்றாள்.

அப்போதுதான் அந்தக் கூடையை நான் சரியாகக் கவனித்தேன். உடம்பெல்லாம் புதுமூங்கிலின் மஞ்சள். வாய் வளையம் மட்டும் கறுத்த பழைய மூங்கில்... என் கண்முன்னே துடைத்து எடுத்துப்போன அதே வளையம்! புதுக்கூடையில் வைத்து நாரால் இறுக்கிக் கட்டியிருந்தாள். பழசைத் துலக்கிச் சபைக்குக் கொண்டுவந்திருந்தாள். என் அம்மா செய்ததும் அதுதானே!

"நங்கை, பின்னால நிக்கறீங்க... முன்னால வாங்க, போட்டோ எடுக்கறாங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். சபையில் வைத்துக் காறித் துப்பியிருக்கலாம். மரியாதை குறையாத அவளுடைய "ங்க"வை நான் வெறுக்கிறேன்!

தொட்டிலும் பெட்டியும் இன்னும் என் மாடியில்தான் இருக்கின்றன. அவள் கேட்கவில்லை. கொண்டுபோய்க் கொடுக்க எனக்குத் துணிவில்லை. என் கணவர் இன்றும் கறையானைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் வாங்கிப்போன கீரை அந்தத் தொட்டிலில் விளைந்தது. அமிர்தமாக இருந்தது என்று மறுநாள் செய்தி அனுப்பியிருந்தீர்கள். மறுபடி விதைத்திருக்கிறேன். வாருங்கள், இந்த முறை நீங்களே பறித்துக்கொள்ளுங்கள்.