மங்களம் எனக்குக் காட்டாத காயம்

கதவைத் திறந்துகொண்டு வந்த தாதி, "மங்களம் அம்மாவோட ஃபேமிலி யாரு?" என்று கேட்டார். நடைபாதை நாற்காலியிலிருந்து நான் எழுந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த, மங்களத்தின் கோவில் தோழி செல்வியும் எழுந்தார். உண்மையைச் சொன்னால் அவர்தான் முதலில் எழுந்தார்.

"நான் அவங்க வீட்டுக்காரர்," என்றேன். குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. செல்வி உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே டாக்டர், பயாப்சி (கட்டியிலிருந்து ஊசியால் சிறு துணுக்கை எடுத்துச் செய்யும் பரிசோதனை) முடிவைச் சொன்னார். இடது மார்பில் புற்றுநோய். மங்களம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ ஒருவரைப் பற்றிய செய்தியைக் கேட்பதுபோல் கேட்டாள். பிறகு டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். தைப்பூசத்துக்குள் எழுந்து நடமாட முடியுமா?

எனக்கு வேறு ஒரு கேள்வி இருந்தது. கட்டி தட்டுப்பட்டதை அவள் பல வாரங்களுக்கு முன்பே செல்வியிடம் சொல்லியிருக்கிறாள். பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) அழைத்துப் போனதும் செல்விதான். எனக்குத் தெரிந்தது அங்கே போவதற்கு முந்தைய நாள் இரவுச் சாப்பாட்டின்போது. ஏன்?

மனைவிக்குத் துணையிருக்கும் கணவர்கள் இதைப் படிக்கக்கூடும். மருந்து, உணவு, உடற்பயிற்சி பற்றியெல்லாம் உங்களுக்குச் சொல்ல ஆட்கள் இருப்பார்கள். பொறாமையைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மங்களத்துக்கு அறுபத்தேழு வயது. கல்யாணமாகிச் சிங்கப்பூருக்கு வந்ததிலிருந்து தேக்கா பக்கத்தில் உள்ள ஒரு முருகன் கோவிலில் தொண்டு செய்கிறாள். வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குக் காலையிலேயே தேக்கா மார்க்கெட்டில் காய் வாங்கிப்போய், நறுக்கி, சமைத்து, பரிமாறி, பாத்திரம் கழுவி வைத்துவிட்டுத்தான் வீடு திரும்புவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகை வீடுகளில் தனியாக இருக்கும் முதியவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோவாள். இதற்கு நடுவே இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள். படுக்கையில் கிடந்த என் தாயாரைக் கடைசிவரை கவனித்துக்கொண்டாள். நான் சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் ஷிப்ட் வேலை பார்த்தேன். நான் வரும்போது அவள் கிளம்புவாள். அவள் வரும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன்.

நான் ஓய்வு பெற்றதும் அவள் எனக்குக் கிடைப்பாள் என்று நினைத்தேன். கோவில் வேலைக்கு ஓய்வு வயது இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

ஆகவே டாக்டர் நோயின் பெயரைச் சொன்னபோது எனக்கு வந்த பயத்தின் அடியில் இன்னொன்றும் இருந்தது. இனி இவள் வீட்டில் இருப்பாள், என்னோடு இருப்பாள் என்ற எண்ணம். எழுதவே கூசுகிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

மாஸ்டெக்டமி (மார்பகத்தை முழுவதுமாக அகற்றும் அறுவை) நடந்தது. அன்று காலை அவளைத் தள்ளிக்கொண்டு போகும்போது கையை நீட்டினேன். அவள் கை ஏற்கெனவே மூடியிருந்தது. உள்ளே கோவில் விபூதிப் பொட்டலம். தாதி அதை வாங்கி என்னிடம் கொடுத்தார். முருகன்மேல்கூட எனக்குக் கோபம் வந்தது.

வார்டில் பார்வையாளர் நேரம் திருவிழாபோல் இருந்தது. கோவில் பெண்கள், தேக்காவில் காய் விற்பவர், சக்கர நாற்காலியில் ஒரு சீன முதியவர். ஒவ்வொருவரும் "எங்க அக்கா" என்றார்கள். படுக்கையைச் சுற்றி இடம் இல்லாமல் நான் சன்னல் ஓரம் நின்றேன். அவர்களில் ஒரு பெண்மணி என்னைப் பார்த்து, "நீங்களும் கோவில் ஆளா, அண்ணே?" என்று கேட்டார்.

வீடு திரும்பியபோது அவள் பக்கவாட்டில் டிரெயின் (காயத்தில் ஊறும் நீரை வெளியேற்றும் மெல்லிய குழாய்) தொங்கியது. அதைக் கவனிக்கவும் கட்டு மாற்றவும் தாதி சொல்லிக்கொடுத்தபோது நான் உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டேன். மறுநாள் காலை கையைச் சுத்தமாகக் கழுவிவிட்டு அறை வாசலுக்குப் போனேன்.

"நீங்க விடுங்க. செல்வி வந்துகிட்டிருக்கா," என்றாள் மங்களம்.

செல்வி ஈசூனிலிருந்து சுவா சூ காங்கில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. இரண்டு பேரின் சிரிப்பு. அழுகை கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

இது தினமும் நடந்தது. ஒரு நாள் செல்வி செருப்பு மாட்டும்போது வாசலில் நிறுத்தினேன்.

"இவ்வளவு தூரம் வந்து ஏம்மா சிரமப்படுறீங்க? இனிமே நானே பாத்துக்கிறேன்."

செல்வி என்னை நிமிர்ந்து பார்த்தார். கணவரை இழந்தவர், மங்களத்தைவிடப் பத்து வயது இளையவர். எதற்கும் குரலை உயர்த்தாதவர்.

"எனக்குச் சிரமம் இல்ல அண்ணே. அக்கா வேணாம்னு சொன்னா வரமாட்டேன். நீங்க சொன்னாலும் வருவேன்," என்றார். லிஃப்ட் வந்தது. போய்விட்டார்.

அன்று மாலை மங்களத்திடம் நேராகவே கேட்டேன். "நாப்பது வருஷத்துக்கு மேல உன்கூட இருக்கேன். அவளுக்குக் காட்டுறத எனக்குக் காட்டக்கூடாதா?"

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அவ பாத்தா புண்ணப் பாப்பா. ஆறுதா, சீழ் இருக்கா, அவ்வளவுதான். நீங்க பாத்தா என்னைப் பாப்பீங்க. அப்புறம் உங்க முகம் எப்படிப் போவுதுன்னு நான் பாக்கணும். இப்ப அதுக்கு எனக்குத் தெம்பு இல்லங்க."

அவள் சொன்னது புரிந்தது. பொறாமை மட்டும் போகவில்லை. காரணம் தெரிந்த பிறகு அது இன்னும் கூடியது. என் முகத்தால் எனக்குக் கிடைக்காத இடம் செல்விக்குக் கிடைத்திருந்தது.

டிரெயின் எடுத்தாயிற்று. அடுத்துக் கதிரியக்கச் சிகிச்சை (நோய் மிச்சமிருந்தால் அழிக்க, கதிர்களைச் செலுத்துவது). வாரத்தில் ஐந்து நாள் அவளோடு போனேன். சிகிச்சை அறைக்குள் துணைக்கு யாருக்கும் இடம் இல்லை. செல்விக்கும் இல்லை என்பதில் எனக்கு ஓர் அற்பத் திருப்தி.

சில வாரங்களில் தோல் கருகத் தொடங்கியது. அக்குளிலிருந்து முதுகுப் பக்கம்வரை எரிச்சல். களிம்பு போட மறுபடியும் செல்வி வந்தார். மறுபடியும் கதவு சாத்தப்பட்டது.

அந்தச் சமயத்தில் எங்கள் மகள் கவிதா ஒரு நாள் மதியச் சாப்பாடு வாங்கிக்கொண்டு வந்தாள். நான் கூடத்தில் தனியாக இருப்பதைப் பார்த்தாள்.

"அப்பா, யூ ஆர் ஜெலஸ், இஸ் இட்?" என்றாள் மெதுவாக. "ஆன்ட்டி செல்வி மேலயா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"ஓகேலா. ஆனா முகத்துல எழுதி ஒட்டியிருக்கு."

முகம், முகம். அன்றிலிருந்து லிஃப்டில் தனியாகப் போகும்போதெல்லாம் அங்குள்ள கண்ணாடியைப் பார்த்து முகத்தை ஒன்றும் காட்டாமல் வைத்துக்கொள்ளப் பழகினேன். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் ஒருமுறை பார்த்துவிட்டு, உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்.

பிறகு செல்விக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தன. மங்களத்தை நெருங்கக்கூடாது என்று அவரே விலகிக்கொண்டார். முதல் நாள் மங்களம் தானே களிம்பு போட்டுக்கொண்டாள். முன்பக்கம் முடிந்தது. அக்குளுக்குப் பின்னால் கை எட்டவில்லை. மறுநாள் அந்த இடத்தில் தோல் உரிந்து ரவிக்கைத் துணி ஒட்டிக்கொண்டது. வலியில் அவள் போட்ட சத்தம் கூடத்துக்குக் கேட்டது.

"என்னங்க," என்று கூப்பிட்டாள். "இங்க கொஞ்சம் வாங்க."

கதவைத் திறந்தேன். கட்டில் விளிம்பில் சன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் முன்னால் போய் நின்றேன். தட்டையான மார்பு. குறுக்கே இழுத்துத் தைத்த ஒரு கோடு. அதைச் சுற்றிலும் அடுப்படிக் கரியைப்போல் கறுத்த தோல். லிஃப்டில் பழகிய முகத்தோடு அசையாமல் நின்றேன்.

மங்களம் என்னையே பார்த்தாள். அவள் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள்.

"ஏங்க, பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கவா வந்தீங்க? என்ன மூஞ்சி இது!"

நானும் சிரித்தேன். சிரிப்புக்கு நடுவே எனக்குத்தான் அழுகை வந்தது. பழகிய முகம் அவ்வளவு நேரம்தான் தாங்கியது. அவள் நல்ல கையால் என் தலையைப் பிடித்துக்கொண்டு, "சரி, சரி. அழுது முடிச்சிட்டுக் கையக் கழுவிட்டு வாங்க," என்றாள். கழுவிக்கொண்டு வந்து, ஒட்டியிருந்த துணியை உப்புநீரால் நனைத்துப் பிரித்தேன். களிம்பைத் தடவினேன். அவள் தோல் கொதித்தது. அவளைத் தொட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

செல்வி குணமாகித் திரும்பி வந்தார். மங்களம் அவரையும் விடவில்லை, என்னையும் விடவில்லை. காலையில் அவர், மாலையில் நான். மாலைதான் எனக்கு என்பதில் இன்றும் ஒரு குறை எனக்கு உண்டு. பொறாமை குணமாகும் என்று உங்களுக்கு நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். கையைக் கழுவிக்கொண்டு காத்திருங்கள் என்று மட்டும் சொல்வேன்.

அந்த வருடம் தைப்பூசத்துக்கு அவளால் போக முடியவில்லை. அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் போக ஆரம்பித்தாள். இப்போது அவள் பானை தூக்குவதில்லை. உட்கார்ந்து காய் நறுக்குகிறாள். இடது கையில் லிம்ஃபடீமா (நிணநீர் தேங்கி வரும் வீக்கம்). அதற்கு இறுக்கமான உறை போட்டிருக்கிறாள். வளையல்கள் வலது கைக்கு மாறிவிட்டன. முன்பெல்லாம் எங்கள் பேச்சில் அடுத்த தீபாவளி, அடுத்த கல்யாணம் என்று காலம் நீண்டு கிடக்கும். இப்போது அடுத்த பரிசோதனைவரைதான் பேசுகிறோம். அதற்குள் இருக்கிற நாள்கள் முன்பைவிட அகலமாக இருக்கின்றன.

போன வெள்ளிக்கிழமை அவளை அழைத்துவரப் போனேன். எல்லாரும் சாப்பிட்டு முடிந்து, எல்லாரிடமும் பேசி முடிந்த பிறகுதான் என்னிடம் வந்தாள். படி ஏறி இறங்க வேண்டாம் என்று ரயிலைத் தவிர்த்துப் பஸ்ஸில் வந்தோம். நீண்ட பயணம். புக்கிட் தீமா தாண்டுவதற்குள் என்மேல் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவளுடைய இடது பக்கம் என் கைமேல் இருந்தது. அங்கே இப்போது மெத்தென்று எதுவும் இல்லை. இதயம் துடிப்பது நேராக என் கையில் தெரிந்தது. இத்தனை வருடத்தில் அது இவ்வளவு பக்கத்தில் இருந்ததில்லை.

எங்கள் நிறுத்தம் வந்தது. மணியை அழுத்த வேண்டும். நான் அழுத்தவில்லை. பஸ் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கைக் கடந்து போனது.

அவள் கண்ணைத் திறக்காமலே, "வந்துருச்சாங்க?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல," என்றேன். "தூங்கு."