ரெஜி அண்ணையின் காதில் ஒரு பிழையுமில்லை

ரெஜி அண்ணை போய்விட்டார் என்ற செய்தி, நாங்கள் முன்பு வேலை செய்த தொழிற்சாலை ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. காலைத் தேத்தண்ணி ஆறுவதற்குள் கும்பிடுகிற கைகள் வரிசையாக வந்து விழத் தொடங்கிவிட்டன. "நல்ல மனிசன்." "சாந்தமானவர்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே குழுவில் கொஞ்சம் மேலே தள்ளிப் பாருங்கள். சென்ற நவம்பரில் நான் எழுதியது இன்னும் கிடக்கிறது: "ரெஜி அண்ணைக்கு இப்ப கை விட்டுப்போச்சு. மெசின் திருத்தக் கூப்பிடுறவை யோசிச்சுக் கூப்பிடுங்கோ." அதற்குக் கீழே சிரித்தவர்களும் நீங்கள்தான்.

சாந்தமானவராம்! அந்த மனிதரின் கோபத்தை மறந்துவிட்டீர்களா? மன்னாரிலிருந்து கனடா வந்து, ஸ்காபரோவில் பிளாஸ்ரிக் மூடி செய்யும் எங்கள் தொழிற்சாலையில் மெசின்களைப் பார்த்துக்கொண்டவர் அவர். நான் பொதி கட்டியவன். ஒருநாள் ஒரு மெசின் கரகரத்தது. ஷிப்ற் முடியும்வரை ஓடட்டும் என்றார் மேற்பார்வையாளர். ரெஜி அண்ணை நேரே போய் சுவிட்சை இழுத்து நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றார். "மெசின் சும்மா கத்தாது. ஆக்கள்தான் சும்மா கத்துவினம்" என்று அந்த வெள்ளைக்காரருக்குத் தமிழிலேயே சொன்னார். திறந்து பார்த்தால் உள்ளே ஒரு போல்ற் கழன்று அரைபட்டுக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் பக்கத்தில் நின்று வேலை செய்த பிள்ளையின் கை போயிருக்கும்.

ஓய்வு பெற்றபின் நான் மரம் கடையும் லேத் மெசின் ஒன்றைப் பழையதாக வாங்கி, மோர்னிங்சைட்டில் என் வீட்டு பேஸ்மென்றில் வைத்தேன். பூரிக்கட்டை, மேசைக்கால் என்று ஏதாவது கடைந்து தெரிந்தவர்களுக்குக் கொடுப்பேன். போன வருடம் அது போட்ட சத்தத்தில் மேலே குசினியில் கோப்பைகள் ஆடின. ரெஜி அண்ணையைக் கூப்பிட்டேன். வந்தவர் முதலில் பெல்ற்றைக் கழற்றிவிட்டு மோட்டரை மட்டும் ஓட்டினார். சத்தமில்லை. பிறகு, மரத்தைப் பூட்டிச் சுழற்றும் தண்டைக் கையால் உருட்டி, ஒரு தடியின் ஒரு முனையை அதில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டார். "கள்ளன் உதுக்குள்ளைதான் இருக்கிறான்" என்றார். அந்தத் தண்டைத் தாங்கிச் சுழலவிடும் இரண்டு பெயரிங்கையும் மாற்றினார். போகும்போது விரலை நீட்டிச் சொன்னார்: "சிவம், உது மூடின பெயரிங். எண்ணெய் ஒரு சொட்டும் விடாதை. இனிச் சத்தம் வந்தால் முதல் பெல்ற்றைக் கழட்டு. ஆர் கத்துறதெண்டு பிரிச்சுப் பார்."

கேட்டேனா? ஆயுத பூசை வந்தது. மெசினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூ வைத்தேன். அத்தோடு விட்டிருக்கலாம். ஊரில் எங்கள் அப்பு தையல் மெசினுக்குச் செய்த மாதிரி, தண்டு உள்ளே போகிற இடத்தில் நாலு சொட்டு நல்லெண்ணெயும் விட்டேன். சாமி காரியம்தானே, அண்ணை சொன்னது இதற்குப் பொருந்தாது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். மூன்று கிழமையில் மெசின் பழையபடி டக் டக்கென்று அடிக்கத் தொடங்கியது.

உடனே போன் எடுத்தேன். "என்ன சாமான் போட்டனீங்கள் அண்ணை? பழையபடி கத்துது!"

"பெல்ற்றைக் கழட்டிப் பாத்தனியே?"

"நீங்கள் பூட்டினதை நான் ஏன் கழட்டோணும்?"

யாரோடும் மல்லுக்கு நிற்கிற மனிதர், என்னோடு நிற்கவில்லை. "சரி, ஞாயிறு சேர்ச்சிலை பூசை முடிய வாறன்" என்றார்.

"வேண்டாம். நீங்கள் திருத்தினது காணும்" என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்த கையோடுதான் குழுவில் அதை எழுதினேன். பிளாசாவில் தேத்தண்ணிக் கடையில் கண்டவர்களிடமும் சொன்னேன். நன்றாகச் சொன்னேன்.

மார்ச் மாதம், மெசினைத் துடைத்து விற்றுவிடலாம் என்று பெல்ற்றைக் கழற்றினேன். மோட்டர் சத்தமில்லாமல் ஓடியது. தண்டை உருட்டினேன், வழுக்கிக்கொண்டு சுற்றியது. பெல்ற் மட்டும் கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. மணந்து பார்த்தேன். நல்லெண்ணெய்! வழிந்து போய், பெல்ற் ஓடும் சக்கரத்தின் பள்ளத்தில் மரத்தூளோடு சேர்ந்து கட்டிகட்டியாய் இறுகியிருந்தது. கத்தியால் சுரண்டிவிட்டுப் புது பெல்ற் போட்டேன். சத்தம் நின்றுவிட்டது. ஐந்து நிமிட வேலை.

"ரெஜி அண்ணைக்கு இப்பவே போன் எடுங்கோ" என்றாள் மனைவி.

"எடுப்பம், எடுப்பம். நேரிலை சொல்லுறதுதான் மரியாதை."

மரியாதையாம், மண்ணாங்கட்டி! உயிர்த்த ஞாயிறுக்கு ஒரு வாழ்த்துப் படம் அனுப்பினேன். அதோடு ஒரு வரி எழுத எனக்கு விரல் வரவில்லை. அவர் "நன்றி சிவம்" என்று பதில் போட்டார். மே மாதம் மாரடைப்பு.

அவரைக் கிடத்தியிருந்த மலர்ச்சாலையில் அவருடைய மனைவி பிலோ அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்டது இதுதான்: "சிவம், உங்கட மெசின் பிறகு சரி வந்ததோ? அவர் கேட்டுக்கொண்டே இருந்தவர்."

"ஓம் அக்கா, சரி வந்திட்டுது" என்றேன்.

"உங்கட வீட்டு வேலைக்குப் பிறகு வேற ஆரின்ர மெசினிலையும் கை வைக்கேல்லை. என்ர காது பழுதாப் போச்சு, சத்தம் பிடிபடேல்லை எண்டு காது டொக்டரிட்டையும் போனவர். ஒண்டும் இல்லையெண்டு டொக்டர் சொல்லியும் மனுசன் நம்பேல்லை." கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப பிறகு ஆர் திருத்தினது?"

பெட்டிக்குள் அவர் கிடக்கிறார். சுற்றிவர நீங்கள் எல்லோரும் நிற்கிறீர்கள். நான் பின்னால் நின்றவருக்கு வழிவிட்டு விலகிக்கொண்டேன். அங்கேயும் என் மானம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. தூ!

ஒரு குளிர்காலம் முழுக்க அந்த மனிதர் தன் காதையே சந்தேகப்பட்டுக்கொண்டு வீட்டில் இருந்திருக்கிறார். உங்களில் ஒருவர்கூட அவரைக் கூப்பிடவில்லை. என் ஒரு சொல்லை நம்பினீர்கள். உங்கள் மீதும் எனக்குக் கோபம்தான், ஆனால் அதைச் சொல்ல எனக்கு வாயில்லை.

அவர் புதிதாய்ப் பூட்டிய இரண்டு பெயரிங்குகளும் என் பேஸ்மென்றில் மெசினுக்குள் இருக்கின்றன. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியவை அவைதாம். மெசினை விற்கமாட்டேன். இதை வாசிக்கிற எவரும், எந்த நாளும், வந்து ஓட்டிக் கேட்கலாம்.

பிலோ அக்கா, ஆர் திருத்தினது எண்டு கேட்டீங்கள். உங்கட மனுசன்தான் திருத்தினவர். பழுதாக்கினது நான்.