பெருக்கவில்லை, தேய்த்தேன்

சங்கரன்கோவிலில் ஆறுமுகச்சாமியின் தறிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கிப் பிழைத்தவள் இசக்கித்தாய். எழுபத்தெட்டாம் வருஷம் ஒரு மத்தியானம், போனஸ் கேட்ட தறிக்காரன் மூக்காண்டியைத் தறிகளுக்கு நடுவே கிடத்தி, முதலாளி ஆறுமுகச்சாமியும் அவன் மச்சினனும் இரும்புக் கம்பியால் அடித்தே கொன்றார்கள். மண்டை மூன்று இடத்தில் பிளந்தது. தடுக்கப் போன இசக்கித்தாயை மச்சினன் இடுப்பில் உதைத்துத் தள்ளினான். பிறகு, அந்தப் படுபாவி, வாளியை எடுத்துவரச் சொன்னான்.

சிமெண்டுத் தரை ரத்தத்தைக் குடித்திருந்தது. தண்ணீர் ஊற்றினால் சிவப்பு பரவியதே தவிரப் போகவில்லை. தேங்காய் நாரும் செங்கல் பொடியுமாக, மண்டியிட்டு, பின்சுவர் வரைக்கும் அவள் தேய்த்தாள். அதற்குள் பிணத்தை மோட்டார் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டு, பெல்ட் அறுந்து மண்டையில் அடித்துவிட்டது என்று போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். இவளும் பயத்தில் ஆமாம் போட்டாள்.

பிரேதப் பரிசோதனையில் சந்தேகம் வந்து, அது கொலை வழக்கானது. திருநெல்வேலி கோர்ட்டில் இசக்கித்தாய் சாட்சிக் கூண்டேறினாள். முதலாளியின் வக்கீல் பதமாகத்தான் கேட்டார்: வழக்கம்போலத் தரையைப் பெருக்கினாய், சிந்திய எண்ணெயைத் துடைத்தாய், அவ்வளவுதானே? அந்தக் கேள்வியை ஜட்ஜ் இங்கிலீஷில் சொல்ல, பெருக்கியதற்கு ஸ்வெப்ட், துடைத்ததற்கு வைப்ட் என்று டைப் ஆனது. குமாஸ்தா அதைத் தமிழில் வாசித்துக் காட்டினார். தலையாட்டினால் போதும், வீட்டுக்குப் போய்விடலாம். எதிரே மூக்காண்டியின் பெண்டாட்டி பூமாரி உட்கார்ந்திருந்தாள். இசக்கித்தாய் அவளைப் பார்த்தபடியே வாய் திறந்தாள்.

"இல்லய்யா. பெருக்குனா தூசி போவும். தொடைச்சா எண்ணெ போவும். நான் தேச்சேன். மோட்டாருகிட்ட இல்ல, பின்செவரு வரைக்கும் ரத்தம்."

எல்லாம் ஒன்றுதான் என்றார் வக்கீல். ஜட்ஜ் ஒன்றில்லை என்றார். வக்கீலின் குரல் மாறியது. தேய்த்தாய் என்றால் தடயத்தை அழித்த குற்றம் உன் தலையில் விழும், ஜெயிலுக்குப் போவாய், யோசித்துச் சொல் என்றார்.

"போறேன்யா. அடிச்சது அவங்க ரெண்டு பேரும். தேச்சது நான்."

ஜட்ஜ் பழைய வார்த்தைகளை அடிக்கச் சொல்லி, தேய்த்ததற்கு ஸ்க்ரப்ட் என்று போடச் சொன்னார். ஆறுமுகச்சாமியின் முகம் வெளிறியது.

வெளியே வந்ததும் பூமாரி பாய்ந்து இசக்கித்தாயின் கொண்டையைப் பிடித்து இழுத்தாள். மாறி மாறி அறைந்தாள். உதடு கிழிந்தது.

"எம் புருசன் ரத்தத்தத் தேச்சுட்டு இத்தன நாளு எப்பிடிட்டி சோறு தின்ன?"

போலீஸ்காரர் விலக்க வந்தார். வேண்டாமென்று இசக்கித்தாய் கையசைத்துத் தடுத்தாள். பூமாரி அடித்து ஓயும்வரை அப்படியே நின்றாள்.