டீச்சர் வீட்டுக்கு ஒரு நேர்கோடு

டீச்சர் என்னிடம் முதலில் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "அண்ணே, இந்த லைனும் அறுந்துச்சுன்னா உங்க பெட்டிய நீங்களே கழட்டிட்டுப் போயிடுங்க லா." கெலுகோரில் மாடி வீட்டிலிருந்து இணையவழியில் இயற்பியல் டியூஷன் நடத்தியவர். இன்று அந்தத் தெருவில் கேபிள் ஓடுகிறது. அன்று இல்லை. எங்கள் சின்னக் கம்பெனி, ஊரின் இன்னொரு பக்கம் டத்தோ கிராமாட்டில் ஆபீஸ் இருந்த கடைவீட்டுக் கூரையிலிருந்து அவர் மாடிக்குக் காற்றிலேயே இணையம் அனுப்பியது. இங்கே ஒரு டிஷ், அங்கே ஒரு டிஷ். இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவேண்டும், நடுவில் எதுவும் மறைக்கக்கூடாது. ஒரு மாதம் சோதனை. அதில் தேறினால்தான் எனக்கு வேலை நிரந்தரம்.

சோதனையின் கடைசி வாரம். பரீட்சைக்கு முந்தின வகுப்பு மூன்று மணிக்கு. இரண்டு மணிக்கு மழை விட்டது. இரண்டேகாலுக்கு லைன் படுத்துவிட்டது.

நான் பதறவே இல்லை என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பதறினேன். டீச்சர் மாடியில் நின்று எதிரே தெரிந்த எல்லாவற்றின் மீதும் பழி போட்டேன். நனைந்த இலை அலையைக் குடித்துவிடும் என்று மாமரத்தை முறைத்தேன். புதுக் கட்டடத்தின் கிரேனைத் திட்டினேன். பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவரைக் கெஞ்சி, கொடியில் கிடந்த ஈரப் போர்வையை எடுக்கவைத்தேன். ஏன் என்று தெரியாமலே அவரும் எடுத்தார். லைன் அசையவில்லை.

டீச்சர் பறவை பார்க்கும் தொலைநோக்கியோடு மேலே வந்தார். டத்தோ கிராமாட் பக்கம் திருப்பிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அண்ணே, உங்க டிஷ் எப்பவுமே ஆரஞ்சு கலரா?"

தொலைநோக்கியைப் பிடுங்கிப் பார்த்தேன். முந்தின நாள் ஆயுத பூஜை. சோறு போடும் டிஷ்ஷாயிற்றே என்று சந்தனம் பூசி, தேர்தலில் ஜெயித்தவருக்குப் போடுவதுபோல் கனத்த சாமந்தி மாலையாகப் பார்த்து நானேதான் போட்டிருந்தேன். காய்ந்திருந்தவரை ஓரமாகத் தொங்கியது. மழையைக் குடித்ததும் சரிந்து டிஷ்ஷின் முகத்தை மூடிவிட்டது.

ஆபீஸ் அக்காவுக்குப் போன் அடித்தேன். மூச்சு வாங்கக் கூரையேறி மாலையைக் கழற்றியவர் போனிலேயே அர்ச்சனை செய்தார்: "சாமி கும்புடுறவன பாத்திருக்கேன். சாமி கண்ணையே கட்டுறவன இப்பதான் பாக்குறேன்!"

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது லைன் எழுந்தது. நான் கதவோரம் நின்று சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் பாடத்தைத் தொடங்கினார்.

"கேள்வி எழுதிக்கிங்க. நுண்ணலை ஈரமான சாமந்தி மாலையத் தாண்டி ஏன் போகல? நாலு மார்க்."

"டீச்சர், மாலைய யார் போட்டது?" என்றது ஒரு குரல்.

டீச்சர் என்னைப் பார்த்தார். "அதுக்கு மார்க் இல்ல. சொன்னா ஒருத்தர் வேலை போயிரும் லா."

அடுத்த வாரம் சோதனைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்தார். 'தடைக்குக் காரணம்' என்ற கட்டத்தில் 'மழை' என்று எழுதியிருந்தார். அது பொய் என்று யாரும் சொல்லமுடியாது.