அண்ணியின் பக்கத்து இடம்

என் அண்ணன் கடைசிக் காலத்தில் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எங்கள் கோயில் கல்லறைத் தோட்டத்தில் அண்ணிக்குப் பக்கத்தில் ஓர் இடம். அதை என்னால் வாங்கித் தர முடியவில்லை.

எங்கள் கோயிலைப் பேராலயம் என்பார்கள். பேராயரின் நாற்காலி அங்கே இருப்பதால் அந்தப் பெயர். ஊருக்கு அது வெறும் கோயில் மட்டும் இல்லை. பக்கத்திலேயே பள்ளிக்கூடம், அதில்தான் நான் முப்பது வருஷத்துக்கு மேல் டீச்சராக வேலை பார்த்தேன். மண்டபத்தில் இலுப்பூர்ப் பக்கத்து ஆட்கள்கூட வந்து காதுகுத்து, கல்யாணம் எல்லாம் வைப்பார்கள். பெரிய புயல் அடித்த வருஷம் ஓடு பறந்த வீட்டுக்காரர்கள் எல்லாம் அந்த மண்டபத்தில்தான் கிடந்தார்கள். கோட்டைப்பட்டினத்திலிருந்து சொந்தக்காரர் வீட்டுக்கு வந்து மாட்டிக்கொண்ட ஒரு முஸ்லிம் குடும்பத்துக்குப் பாடகர் குழு அறையை ஒழித்துக் கொடுத்தோம். அவர்கள் அங்கேயே தொழுதுகொண்டார்கள். நான் பெண்கள் சங்கத்தோடு நின்று கஞ்சி ஊற்றினேன். நீ எந்தச் சபை, எங்கே ஞானஸ்நானம் வாங்கினாய் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. இந்தக் கோயிலில் பிறந்ததற்கு அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் சொல்லப்போவதில் கோபம்தான் அதிகம்.

அண்ணன் எங்கள் பாடகர் குழுவில் கட்டைக் குரல்காரர். கிறிஸ்துமஸ் பாட்டில் அவர் குரல் வந்து சேர்ந்த பிறகுதான் ஆர்மோனியத்துக்கே தெம்பு வரும் என்று அண்ணி கிண்டல் செய்வார். கோயிலைத் தவிர வேறு உலகம் தெரியாத மனுஷன். அவரை அங்கிருந்து கிளப்பியது, கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிற சேகரக் கமிட்டிக்கு நடந்த தேர்தல். எங்கள் ஆட்களுக்குச் சட்டசபைத் தேர்தல்கூடப் பெரிதில்லை, கமிட்டித் தேர்தல்தான் உயிர். இரண்டு கோஷ்டி, இரண்டு பேனல், வீடு வீடாக ஓட்டுக் கேட்பு. அந்த வருஷம் ஓட்டு எண்ணும்போது மண்டபத்தில் நாற்காலி பறந்தது. விலக்கிவிடப் போன அண்ணன் சட்டைப் பை கிழிந்து வீட்டுக்கு வந்தார்.

"திருவிருந்துல அப்பம் வாங்குற கையால நாற்காலிய வீசுறாய்ங்க. நான் இனிமே அங்கிட்டு வர மாட்டேன்" என்றார்.

கோபம் ஆறியதும் வந்துவிடுவார் என்று நினைத்தோம். வரவில்லை. பைபாஸ் ஓரத்தில் தகரக் கொட்டகையில் நடக்கிற ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போக ஆரம்பித்தார். அங்கே கை தட்டிப் பாடினார்கள். முட்டிவலிக்காகத் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். வராத நாளில் வீடு தேடி வந்து ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். எங்கள் பேராலயத்தில் அவர் இல்லை என்பதை யாராவது கவனித்தார்களா என்றே எனக்குச் சந்தேகம்.

சபை மாறுவதுகூடப் பெரிய குற்றமில்லை. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இரண்டு இடத்திலும் கால் உண்டு. காலையில் பேராலயம், மாலையில் ஏதாவது ஒரு கொட்டகை. ஆனால் அந்தச் சபைகளில் குழந்தையில் வாங்கிய ஞானஸ்நானம் செல்லாது. பெரியவனான பிறகு தண்ணீரில் முங்கி எழ வேண்டும். அப்படி முங்கினால் முதல் ஞானஸ்நானத்தை மறுத்ததாக அர்த்தம் என்று எங்கள் கோயில் சொல்லும். பெயரை எடுத்துவிடுவார்கள். திருவிருந்து கிடையாது, கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. இது தெரிந்தவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? வெளியூருக்குப் போய் ஓசைப்படாமல் முங்கிவிட்டு வருவார்கள். ஊர் திரும்பி ஒன்றும் தெரியாத மாதிரி எங்கள் வரிசையில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். உயிரோடு இருக்கும்வரை அங்கே, செத்தால் இங்கே. அப்படிப்பட்ட சாமர்த்தியசாலிகள் கமிட்டியிலேயே இருந்தார்கள்.

அண்ணனுக்கு அந்தச் சாமர்த்தியம் வரவில்லை. திருவரங்குளம் போகிற வழியில் ஒரு கண்மாயில், பட்டப்பகலில், வெள்ளை வேட்டியோடு இறங்கினார். யாரோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். மத்தியானத்துக்குள் பேராலயம் முழுக்கப் பார்த்துவிட்டது.

"மொதத் தடவ ஊத்துன தண்ணி ஒங்களுக்குப் பத்தலையாக்கும்?" என்று அண்ணி கேட்டார். அதோடு விட்டுவிட்டார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஒன்றாக வீட்டைப் பூட்டிவிட்டு வாசலில் பிரிவார்கள். அவர் கிழக்கே, அண்ணி மேற்கே. மத்தியானம் ஒரே குழம்பை ஊற்றிச் சாப்பிடுவார்கள். பிள்ளைகள் இல்லாத வீடு. அவர்களுக்குள் இதனால் ஒரு சண்டைகூட வந்ததில்லை என்பதுதான் ஆச்சரியம்.

அண்ணி மார்பில் கட்டி வந்து இறந்தபோது பேராலயத்தில்தான் அடக்கம். அண்ணன் கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். கல்லறையில் பூ வைப்பதும் மெழுகுவர்த்தி ஏற்றுவதும் விக்கிரக ஆராதனை என்று அவருடைய சபையில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதனால் ஒரு பூகூட வைக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அதற்கப்புறம் சாயங்காலங்களில் அவர் அந்தத் தோட்டத்துக்குப் போய்ப் புல் பிடுங்கிவிட்டு வருகிறார் என்று தெரிந்தது. கேட்டதற்கு, "பூ வச்சாத்தானே தப்பு, புல்லப் புடுங்குனா என்ன தப்பு?" என்றார்.

பிறகு அவருக்குச் சிறுநீரகம் கெட்டது. டயாலிசிஸ் செய்து செய்து ஆளே கறுத்துப்போனார். நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள், அவரை என் வீட்டுக்குக் கூட்டிவந்து வைத்துக்கொண்டேன். ஒருநாள் ரசஞ்சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"பாப்பா, அவ பக்கத்துல எடம் இருக்குல்ல?"

எனக்கு அறுபத்திரண்டு வயது. இன்னமும் அவருக்குப் பாப்பாதான்.

"இருக்குண்ணே. நான் கேட்டுப் பாக்குறேன்."

"எனக்காகக் கெஞ்சாத. கேளு, குடுத்தா குடுக்கட்டும்."

நான் கெஞ்சினேன். கமிட்டிக் கூட்டத்தில் போய் நின்று கெஞ்சினேன். கமிட்டிச் செயலாளர் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர். எழுந்து நின்று மரியாதையாகத்தான் பேசினார்.

"டீச்சர், ஒங்களுக்காக எதுவும் செய்யலாம். ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல? அவரு நம்ம ஞானஸ்நானத்தையே வேணாம்னுட்டுப் போனவரு. இன்னிக்கு இவருக்குத் தொறந்தா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க."

"எல்லாரும் ஏற்கெனவே இங்கதான்ப்பா இருக்காங்க. இவரு ஒளிக்கத் தெரியாம மாட்டிக்கிட்டாரு, அவ்வளவுதான்" என்றேன்.

ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசை மேலிருந்த பிஸ்கட்டைச் செயலாளர் என் பக்கம் நகர்த்தினார். அந்தத் தட்டைத் தூக்கி அடிக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

அங்கே இருந்தவர்களில் எங்கள் கோயில் போதகரான ஆயர் ஒருவருக்குத்தான் மனது சங்கடப்பட்டது. எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. இளவயதுக்காரர். அவர்தான் வழி சொன்னார்.

"அவர் எழுதிக் குடுக்க வேணாம், மன்னிப்பும் கேக்க வேணாம். நான் வீட்டுக்கு வாரேன். என் கையால திருவிருந்து வாங்கட்டும். கமிட்டியிலருந்து ஒருத்தர் பாக்கட்டும். சபைக்குத் திரும்பிட்டாருன்னு நான் அறிவிச்சிர்றேன்."

ஒரு துண்டு அப்பம், ஒரு மடக்குத் திராட்சை ரசம். இதற்குப் போய் இவ்வளவு பாடா என்று எனக்குச் சிரிப்புகூட வந்துவிட்டது. வழியில் பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அண்ணனிடம் சொன்னபோது அவர் பதில் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை. சம்மதம் என்று நானாக எடுத்துக்கொண்டேன்.

ஆயர் சனிக்கிழமை காலையில் வந்தார். செயலாளரும் கூட வந்து கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்து, சின்னப் பெட்டியிலிருந்து வெள்ளிக் கிண்ணத்தையும் தட்டையும் எடுத்து வைத்தார் ஆயர். அண்ணனைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்தேன். ஜெபங்கள் அவருக்கு மனப்பாடம். ஆயர் தொடங்கினால் அண்ணன் அந்தக் கட்டைக் குரலில் முடித்தார். இத்தனை வருஷம் தகரக் கொட்டகையில் கை தட்டியவர் ஒரு வார்த்தை பிசகவில்லை. எனக்குக் கண் கலங்கியது. முடிந்தது, இடம் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

ஆயர் அப்பத்தைப் பிட்டு நீட்டினார். அண்ணன் கையை நீட்டவில்லை.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. எனக்கு இது வேணும். இத வாங்கி எத்தனையோ வருஷம் ஆச்சு. ஆனா இப்ப வாங்குனா எடத்துக்காகத்தான் வாங்குன மாதிரி ஆயிரும். அது ஆண்டவரோட சரீரம்யா. அத வச்சு நான் குழி வாங்க மாட்டேன்."

ஆயரின் கை அப்படியே நின்றது. எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், வேறு நினைப்போடு அதைத் தொடக் கூடாது என்று. ஞாயிறு பள்ளி வகுப்பில் கேட்டுவிட்டுத் தேர்வு முடிந்ததும் நாங்கள் எல்லோரும் மறந்துவிட்டோம். இந்த மனுஷன் மட்டும் மறக்கவில்லை.

"அண்ணே, வாயத் தொறங்கண்ணே" என்று கத்திவிட்டேன். வெட்கமே இல்லாமல் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். "அண்ணிக்காகத் தொறங்கண்ணே."

"அவளுக்குத் தெரியும் பாப்பா. அவ ஒண்ணும் நெனச்சுக்க மாட்டா."

ஆயர் அந்தத் துண்டைத் தானே சாப்பிட்டார். துணியை மடிக்கும்போது அவர் கன்னம் நனைந்திருந்தது. செயலாளர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நாம செய்ய வேண்டியதச் செஞ்சாச்சு டீச்சர்" என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. இரண்டு நாள் அண்ணனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். அவரும் ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டார்.

அந்த மாதக் கடைசியில் அவர் போய்விட்டார். நகராட்சி இடுகாட்டில் அடக்கம். குப்பைக் கிடங்கைத் தாண்டி, கருவேலம் புதருக்குள் இருக்கிறது அது. கொட்டகைச் சபைக்காரர்கள் தோளில் தூக்கி வந்தார்கள், குறை சொல்ல முடியாது, நன்றாகத்தான் பாடினார்கள். எங்கள் பேராலயத்திலிருந்து ஆயர் மட்டும் வந்தார், அங்கி இல்லாமல், சாதாரணச் சட்டையில். பின்னால் நின்று எல்லோரும் போட்ட பிறகு ஒரு பிடி மண் போட்டார். அவர் எப்படிப் போகலாம் என்று கமிட்டியில் அதற்கும் கேள்வி எழுந்ததாகக் கேள்விப்பட்டேன்.

அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். மணி அடித்ததும் சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். எனக்கு வேறு இடம் தெரியாது.

மன்றாட்டு ஜெபம் வாசிக்கும் முறை அன்று செயலாளருக்கு. அந்த வாரம் நோயாய்க் கிடந்தவர்கள், இறந்தவர்கள் என்று ஒவ்வொரு பெயராக வாசித்து, 'உம்மை மன்றாடுகிறோம்' என்ற வரியோடு நிறுத்துவார். ஒவ்வொன்றுக்கும் சபை சேர்ந்து பதில் சொல்லும். இறந்த இருவரின் பெயரை வாசித்தார். அடுத்து, "சகோதரனை இழந்து துக்கத்தில் இருக்கும் நம்முடைய டீச்சருக்காக" என்றார். என்னைப் பற்றி மட்டும் வந்தது. செத்தவர் யார் என்று வரவில்லை.

நான் எழுந்து நின்றேன். அண்ணனின் பெயரைச் சொன்னேன். குழந்தையாக இருந்தபோது இதே கோயிலில் அவர் தலையில் தண்ணீர் ஊற்றி வைத்த முழுப் பெயரை, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி, வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னேன்.

செயலாளர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஆயர் கண்ணை மூடிக்கொண்டார். பெயர் சொல்லியாகிவிட்டது, அடுத்த வரியை வாசிக்காமல் ஆராதனை நகராது. செயலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அந்த வரியை வாசித்தார். சபை முழுவதும், கமிட்டிக்காரர்கள், நாற்காலி வீசியவர்கள், வெளியூரில் முங்கி வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து, எங்கள் ஜெபத்தைக் கேளும் ஆண்டவரே என்றார்கள்.

மனதறிந்து சொன்னார்களா, பழக்கத்தில் வந்துவிட்டதா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் அண்ணனுக்காக எங்கள் கோயில் செய்த ஜெபம் அது ஒன்றுதான். எனக்கு அது போதவில்லை.