அத்தை ஊற்றிய தண்ணீர்

டெட்டாலும் காய்ச்சிய பாலும் கலந்த வாடை இன்றைக்கும் எங்காவது மூக்கில் ஏறினால் நான் அங்கேயே நின்றுவிடுவேன். பசுமலைப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் என் தம்பி ஏழாம் மாதமே பிறந்து, உதடு நீலம் பாரித்துக் கிடந்த பகலின் வாடை அது. அம்மாவுக்கு மயக்கம் தெளியவில்லை. அப்பா, எங்கள் லுத்தரன் சபைப் போதகரை, அதாவது ‘ஐயரை’, அழைத்துவரப் போயிருந்தார். பிரசவ அறைக்குள் போகுமுன் அம்மா, அப்பாவின் அக்காளான என் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, “பிள்ளை ஞானஸ்நானம் இல்லாமப் போயிரக் கூடாது மதினி” என்றிருந்தாள். அத்தை கீழக்குயில்குடிக்காரி, நெற்றி நிறையத் திருநீறு, அப்பா சபையில் சேர்ந்தபோது கூடச் சேராதவள்.

நர்ஸ் டாக்டரைத் தேடி ஓடிவிட, சின்னப் பிள்ளைகள் வரக்கூடாது என்று பத்து வயதுக்காரியான என்னை நிறுத்தியிருந்த வாசலைப் பார்த்து, உள்ளேயிருந்து அத்தை கேட்டாள்: “ஏத்தா, என்ன சொல்லணும்? நீ சொல்லு, நான் சொல்றேன்.” பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று நான் ஒவ்வொன்றாய் எடுத்துக்கொடுக்க, அவள் டம்ளர்த் தண்ணீரை மூன்று தரம் தம்பியின் தலையில் விட்டாள். “இம்புட்டுத் தண்ணி போதுமாடி?”

தம்பி பிழைத்தான். பயம் அப்புறம்தான் பிடித்தது. அவசரத்துக்கு ‘விசுவாசி’ யாரும் கொடுக்கலாம் என்றுதான் ஞாயிறு வகுப்பில் படித்திருந்தேன். அத்தை விசுவாசி இல்லையே, அப்படியானால் இவனுடைய இரட்சிப்பு? உள்ளே ஓடி நானே ஊற்றியிருக்கலாமே? ஐயர் வந்து, யார் கொடுத்தது என்று கேட்டபோது நான் அத்தையைப் பார்த்தேன். அத்தைதான் முந்திக்கொண்டாள்: “நாந்தேன் ஊத்துனேன் ஐயரே. தப்புன்னா அது என்னோட போகட்டும், பிள்ளை மேல வைக்காதீங்க.”

தண்ணீர் விட்டபோது சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொன்னார் ஐயர். ஒரு பெயர் விடாமல் சொன்னாள். “தண்ணியும் இருந்திருக்கு, வார்த்தையும் இருந்திருக்கு. குடுத்தது கடவுள்; கை யாரோடதா இருந்தா என்ன? மறுபடி குடுக்க மாட்டேன்” என்றவர், சபைப் பதிவேட்டில் கொடுத்தவர் என்ற இடத்தில் அத்தை பெயரையே எழுதினார்.

அத்தோடு என் பயம் தம்பியை விட்டு அத்தை மேல் ஏறிக்கொண்டது. “நீயும் ஞானஸ்நானம் எடுத்துக்கயேன் அத்தே” என்று எத்தனை வருஷம் நச்சரித்திருப்பேன்! “எனக்கு என்னாத்துக்குடி, அன்னைக்கே என் கையெல்லாம் நனைஞ்சு போச்சே” என்று சிரிப்பாள்.

இப்போது அந்த ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் செல்போன் கடை. அந்த ஐயர் இல்லை. போன மாதம் அத்தையும் போய்விட்டாள். இறந்தோரை நினைக்கும் ஞாயிறன்று ஆலயத்தில் அவள் பெயரையும் வாசிக்கவேண்டும் என்று கேட்கத் தம்பியோடு போயிருந்தேன். புது ஐயர், “அந்தம்மா ஞானஸ்நானம் எடுத்தவங்களா?” என்றார்.

“எடுத்தவங்க இல்ல ஐயரே,” என்றான் தம்பி, “எனக்குக் குடுத்தவங்க.”

யோசித்துச் சொல்கிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.