இசக்கிமுத்துவின் வலது கால்

இசக்கிமுத்துவின் வலது கால் பொங்கலுக்கு முன்பே குணமாகிவிட்டது. அந்தச் செய்தி இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் இசக்கிமுத்து. இன்னொருவர் அவர் மனைவி அங்கம்மா.

"ஏனுங்க, ஊட்டுல ரெண்டு காலு, கிரஷ்ஷுல ஒரு காலுங்களா?" என்று அங்கம்மா கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டே கேட்பாள்.

"மெதுவாப் பேசு புள்ள. இந்த லயன் ஊட்டு வரிசையில செவுத்துக்கெல்லாம் காது."

"கண்ணும் இருக்குதுங்க. நேத்து கோழி தொரத்துனீங்களே, ஊட்டி ரேஸ் குதிரையாட்டம்! நாலு ஊடு தள்ளி வேடிக்கை பாத்தாங்க."

கோத்தகிரிப் பக்கம் அரவேணுவுக்குக் கீழே இருக்கும் அந்த எஸ்டேட்டின் பேக்டரியில் இசக்கிமுத்து டிரையர் ஆள். தேயிலை காயும் அந்த மிஷினின் இரைச்சலை மீறிப் பேசிப் பேசி, அவர் ரகசியம் சொன்னாலே பக்கத்து மலையில் கேட்கும். மீசையும் குரலுக்கேற்ற மீசை. மழைக்காலத்தில் ஒருநாள் இலை மூட்டையோடு மாடிப்படியில் சறுக்கி விழுந்தார். வலது கால் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டு, உட்கார்ந்து செய்கிற வேலை கொடுக்கச் சொல்லி அனுப்பினார்கள். எஸ்டேட்டில் அதற்கு லைட் டூட்டி என்று பெயர்.

வழக்கமாக லைட் டூட்டிக்காரனுக்கு ஆபீஸ் வாசலில் ஒரு ஸ்டூல் கிடைக்கும். அந்த ஸ்டூலில் ஏற்கெனவே கை முறிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். அதே வாரம், கிரஷ் என்று எல்லோரும் சொல்லும் பிள்ளைக் காப்பகத்து ஆயா கருப்பம்மாள் மகளின் பிரசவத்துக்காகக் கூடலூர் போனாள். மேனேஜருக்கு இரண்டு கவலையும் ஒரே கையெழுத்தில் தீர்ந்தன. கொழுந்து பறிக்கப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள மீசையோடு ஓர் ஆயா வந்து சேர்ந்தார்.

முதல் நாள் அவர் "டேய்!" என்றார். அத்தனை குழந்தைகளும் ஒரே சுருதியில் அழுதன. தொட்டில் பிள்ளைகள்கூட விடவில்லை. இனி வாயே திறப்பதில்லை என்று முடிவு செய்து, கட்டுப்போட்ட காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தார். துரத்த முடியாத மனிதர், அடிக்க எழ முடியாத மனிதர் என்று குழந்தைகளுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. அப்பிச்சி என்று தாத்தா முறை வைத்து, ஒவ்வொன்றாக வந்து கட்டின் மேல் ஏறி உட்கார்ந்தன. அது பஸ்ஸானது. கோத்தகிரி போனது, குன்னூர் போனது, மேட்டுப்பாளையம் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனது.

அந்த பஸ்ஸில் பேசாமலே வந்தவள் ரோஸ்மேரி. மூன்று வயது முடிந்தும் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. இசக்கிமுத்து தினமும் அவளிடம் "அப்புறம் என்ன ஆச்சு கண்ணு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். காத்திருப்பதைத் தவிர அவருக்கும் வேறு வேலை இல்லை. ஒருநாள் ரோஸ்மேரி சொன்னாள்: "பூனை வாந்தி." அன்று இசக்கிமுத்து வீட்டுக்கு வந்து அங்கம்மாவிடம் அந்தப் பூனை கதையை மூன்று தடவை சொன்னார். அவருடைய சொந்த மகன் முதல் வார்த்தை பேசியபோது அவர் ஷிப்டில் இருந்தார். மகனைத் தூங்கும்போது மட்டுமே பார்த்த அப்பா அவர். மகன் இப்போது திருப்பூரில் இருக்கிறான்.

கட்டுப் பிரித்தார்கள். கால் தேறியது. கால் தேறிவிட்டதாக டாக்டர் எழுதும் நாளில் மறுபடி டிரையர்தான். அதனால் இசக்கிமுத்து நொண்டினார். டாக்டரம்மா லோயிஸ் மாதம் ஒருமுறை குன்னூரிலிருந்து ஜீப்பில் வரும்போது கொஞ்சம் கூடுதலாகவே நொண்டினார்.

காப்பகத்துக்குக் கனகமணி என்றொரு டீச்சரும் உண்டு. மேட்டுப்பாளையத்துப் பெண். பயிற்சி முடித்து, பாட்டு, படம், மர ஸ்கேல் எல்லாவற்றோடும் மலையேறியவள். அவளுக்கு இசக்கிமுத்துவைப் பார்த்தாலே எரிச்சல்.

"ஏனுங்கய்யா, நான் வரிசையில உக்கார வெக்கிறேன், நீங்க வந்தா எல்லாம் பஸ்ஸு ஏறிப்போகுது. இப்படியே போனா இதுங்க எப்ப உருப்படறது?"

"நான் ஒண்ணுமே பண்றதில்லீங்க டீச்சரம்மா."

"அதேதானுங்க நானும் சொல்றேன்!"

ஒரு தூறல் மதியம் கனகமணி பால்பவுடர் வாங்க ஆபீசுக்குப் போனாள். இசக்கிமுத்து தொட்டிலாட்டியபடி தூங்கிப்போனார். அவள் திரும்பி வந்தபோது உள்ளே அவளுடைய குரலே கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தேயிலைக் குச்சியோடு ரோஸ்மேரி நின்றிருந்தாள். எதிரே ஐந்தாறு குழந்தைகளும் அந்தப் பூனையும்.

"கையக் கட்டு! வாய மூடு! எத்தன தடவ சொல்றது, கழுத!"

மேட்டுப்பாளையத்து இழுவை உட்பட எதுவும் குறையவில்லை. குழந்தைகள் கையைக் கட்டி விறைத்திருந்தன. பூனை மட்டும் அடங்கவில்லை. பிறகு ரோஸ்மேரி குச்சியைத் தூக்கி எறிந்து, "இப்ப நானு அப்பிச்சி" என்றாள். தரையில் உட்கார்ந்து வலது காலை நீட்டினாள். இல்லாத மீசையை முறுக்கினாள். "அப்புறம் என்ன ஆச்சு கண்ணு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். அத்தனையும் ஓடிவந்து அவள் மேல் விழுந்து, ஒரே நேரத்தில் பேசத் தொடங்கின.

கனகமணி நனைந்துகொண்டே நின்றாள். சாயங்காலம் இசக்கிமுத்து கேட்டார், "டீச்சரம்மா, ஸ்கேலக் காணோமுங்களே?"

"பால் காய மாட்டேன்னுச்சுங்க. அதையும் அடுப்புல போட்டு எரிச்சுட்டேன்."

அதோடு நின்றிருந்தால் நல்லது. நிற்கவில்லை. குழந்தைகள் நொண்டத் தொடங்கின. முதலில் ரோஸ்மேரி, பிறகு பெரிய பிள்ளைகள், கடைசியில் நடக்கவே அப்போதுதான் கற்றுக்கொண்ட ஒரு பொடிசு. அது நடப்பது என்றாலே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டது. ஒரு காலையில் லயனே அலறியது. "எம்புள்ளைக்குக் காலு இழுக்குதுங்க!" "எம்புள்ளைக்கும் அப்படித்தானுங்க!" இளம்பிள்ளை வாதம் என்று யாரோ சொல்ல, பெண்கள் கூடையை இறக்கி வைத்தார்கள். அன்று ஒரு கொழுந்துகூடப் பறிக்கவில்லை. மேனேஜர் குன்னூருக்குப் போன் போட்டார்.

டாக்டர் லோயிஸ் பதறித்தான் வந்தார். காப்பக முற்றத்தில் வரிசையாக நிறுத்தி, முட்டியைத் தட்டினார், பாதத்தைக் கிள்ளினார், காய்ச்சல் பார்த்தார். நரம்பெல்லாம் நன்றாக இருந்தது. நடக்கச் சொன்னார். எல்லாம் வலது காலை இழுத்தன. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கேட் வாசல்ல பன்னு வந்திருக்கு" என்றார். அத்தனையும் முயல் மாதிரி பறந்தன. பன் இல்லை என்று தெரிந்ததும் நொண்டிக்கொண்டே திரும்பின.

டாக்டர் முகத்தில் பயம் போய் வேறு என்னவோ வந்தது. "இசக்கிமுத்து, நீங்க கொஞ்சம் நடந்து காட்டுங்க."

லயன் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. இசக்கிமுத்துவுக்கு வியர்த்தது. நாலு எட்டு நொண்டினார். ரோஸ்மேரி ஓடிவந்து வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பிச்சி, அந்தக் காலு இல்ல. இந்தக் காலு!"

பதற்றத்தில் அவர் இடது காலை நொண்டியிருந்தார். பெண்கள் சிரித்த சிரிப்பில் அங்கம்மாவின் சிரிப்பு தனியாகக் கேட்டது. "கண்ணு, அந்தாளுக்கு நல்லாச் சொல்லிக்குடு!"

டாக்டர் அவரைத் தனியாக அழைத்துப்போனார். "நீங்க நேரா நடந்தா இதுங்களும் நேரா நடக்கும். ஆனா நேரா நடந்தா நான் பேக்டரிக்கு அனுப்பித்தான் ஆகணும். அந்தப் பொடிசு இப்பத்தான் நடக்கப் பழகுது. எலும்பு அப்படியே பழகிடும்."

இசக்கிமுத்து அந்தப் பொடிசைப் பார்த்தார். அது காலை இழுத்தபடி வந்து அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டது. அதன் இரண்டு கையையும் பிடித்து, முற்றத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, சிப்பாய் மாதிரி நேராக நடந்தார். குழந்தைகள் பின்னால் நேராக நடந்தன.

மறுநாள் சங்கு ஊதியதும் அவர் பேக்டரிக்குப் புறப்பட்டார். எதிரே வந்தவர்கள் சிரித்தார்கள். ஏன் என்று திரும்பிப் பார்த்தார். அத்தனை குழந்தைகளும் வரிசையாக, சிப்பாய் நடை போட்டுக்கொண்டு பின்னால் வந்தன. கடைசியில் கனகமணி தொட்டில் பிள்ளை ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

மேனேஜர் வெளியே வந்து கத்தினார். "என்னம்மா இது, பேக்டரியா திருவிழாவா?"

"சார், கருப்பம்மாக்கா இனி வரமாட்டாங்களாம். அந்த எடத்துல இவரையே போடுங்க சார்."

"ஆம்பளைய ஆயான்னு எப்படிம்மா போடறது?"

"எப்படிச் சொன்னாலும் இதுங்க இவரு பின்னாலதானுங்க போகும். எல்லாத்துக்கும் பேக்டரியில வேலை குடுத்துடறீங்களா?"

ரோஸ்மேரி அதற்குள் இலை மூட்டைமேல் ஏறிவிட்டாள். மேனேஜர் சீக்கிரமாகவே சம்மதித்தார்.

அன்று சாயங்காலம் அங்கம்மா வாசலிலேயே வரவேற்றாள். "வாங்க ஆயாம்மா. காப்பி ஆறுது." அந்தப் பெயர் லயன் முழுக்க நிலைத்தது. இசக்கிமுத்துவும் கூப்பிட்டால் திரும்பினார்.

கனகமணி பின்னாளில் குன்னூரில் புது டீச்சர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போனாள். பாட்டு, படம் எல்லாம் அப்புறம். முதலில் ஒருநாள் முழுக்கத் தரையில் உட்காரச் சொல்வாள். சும்மாவா என்று கேட்டவர்களுக்கு, சும்மாத்தான் என்பாள்.

அதெல்லாம் பிறகு. நொண்டல் நின்ற அடுத்த மாதம் டாக்டர் லோயிஸ் வந்தபோது எல்லாக் கால்களும் நேராக இருந்தன. அவர் திருப்தியாகப் பையை மூடப் போனார். அப்போது பால் வந்தது. குழந்தைகள் டம்ளரை வாங்கின. குடிப்பதற்கு முன், ரோஸ்மேரியில் தொடங்கி அந்தப் பொடிசு வரை, ஒவ்வொன்றும் மேலுதட்டுக்கு மேலே காற்றை முறுக்கிவிட்டுக்கொண்டது.

"டாக்டரம்மா, இதுக்கு மருந்து ஏதாச்சும்...?" என்றார் இசக்கிமுத்து, தன் மீசையைத் தடவியபடி.

"இருக்கு" என்றார் டாக்டர். "சவரக்கத்தி. உங்களுக்கு."